இருநூறு ரியால் துப்பாக்கி

பைத் அல்-ஹஸ்வா
12 ஜனவரி 1976

அண்ணன் ஹமூதுக்குத் தங்கை தகிய்யா எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகம்தானா, உன் முழங்கால் சுகம்தானா? ஜித்தாவின் உப்புக்காற்று இன்னும் உன் மூச்சை அடைக்கிறதா? இங்கே நானும் உன் மருமகன் ஹாதியும் அல்லாஹ் கிருபையால் நலம். சாம்பல் பசு கன்று போட்டிருக்கிறது.

ஹாதிக்கு ஷஃபான் மாதம் முதல் வியாழக்கிழமை கல்யாணம் பேசி முடித்தாகிவிட்டது. பெண் நல்ல பெண். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். இந்த வீட்டில் அது தேவைதான்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். தானிய அறையைச் சுத்தம் செய்தபோது அடியில் எண்ணெய்த்துணி சுற்றிய ஒரு கைத்துப்பாக்கி கிடைத்தது. மூன்று வருஷம் முன் காய்ச்சலில் போனாரே, என் வீட்டுக்காரர், அந்தப் புண்ணியவான் ஜுப்ரான் வைத்ததாகத்தான் இருக்க வேண்டும். பழைய ஜெர்மன்காரன் செய்தது. நீண்ட குழல், அதற்கொரு மரப்பெட்டி. கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று விற்க நினைக்கிறேன். சன்ஆவில் பத்து வருஷம் துப்பாக்கி பழுதுபார்த்தவன் நீ. நியாய விலை என்னவென்று எழுது. வாங்குகிறவன் தூரத்துக்காரனாக இருந்தால் நல்லது. கடல் தாண்டியவனாக இருந்தால் இன்னும் நல்லது.

இதை எழுதித் தருவது நம் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கும் சூடான் உஸ்தாத் பாபிக்கர். தங்கமான மனுஷன். உன் கடிதத்தையும் அவர்தான் எனக்கு வாசிப்பார். துஆவில் என்னை மறக்காதே.

தகிய்யா


ஜித்தா
6 பிப்ரவரி 1976

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். முழங்கால் படி ஏறும்போது திட்டுகிறது, இறங்கும்போது அழுகிறது. மற்றபடி சுகம். கன்றுக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்து என் சந்தோஷம். ஹாதி இடுப்பில் ஒழுங்காக வேட்டி நிற்காமல் ஓடியது நேற்றுப்போல இருக்கிறது.

உன் கடிதத்தை வாசித்ததும் முன்னாலிருந்த தையல் மெஷினை அப்படியே கவிழ்த்துவிட்டேன். எட்டு வருஷமாக இந்த ஊரில் ஊசியும் நூலும்தான் என் பிழைப்பு. நீ சொல்வது பெட்டி மவுசர். இதன் விலை பளபளப்பில் இல்லை, எண்ணில் இருக்கிறது. பிறக்கும்போது அதன் உடம்பில் ஒரு எண் அடிப்பார்கள். அதே எண்ணோ அதன் கடைசி இரண்டு இலக்கமோ ஒவ்வொரு பாகத்திலும் இருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் நாலாயிரம் ரியாலுக்குக் குறைத்துக் கொடுக்காதே. ஒரு பாகம் வேறு பிள்ளையாக இருந்தால் இரண்டாயிரத்தைந்நூறு. யாராவது புதிதாகக் கறுப்புச் சாயம் ஏற்றியிருந்தால் அதிலும் பாதி. சாயம் ஏற்றியவனை என்னிடம் அனுப்பு, உதைக்கிறேன்.

முதலில் தோட்டா ஏதும் உள்ளே இல்லை என்று பார். பிறகு ஒரு தோட்டாவை மூக்குப் பக்கமாகக் குழல் வாயில் விடு. ஓடு இடிக்கும்வரை உள்ளே போய்விட்டால் குழல் தேய்ந்தது. ஒரு கோதுமைமணி அளவு வெளியே நின்றால் இன்னும் இளமைதான். உடம்பு, மரப்பெட்டி, உள்ளே முன்னும் பின்னும் ஓடும் போல்ட், மூன்றிலும் என்ன எண் என்று உஸ்தாதைப் பார்த்து எழுதச் சொல். எண் தெரியாமல் விலை சொல்கிறவன் திருடன்.

அண்ணன் ஹமூத்


பைத் அல்-ஹஸ்வா
2 மார்ச் 1976

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் உடம்புக்கும் கைத்தொழிலுக்கும் அல்லாஹ் பரக்கத் தரட்டும். கன்று துள்ளுகிறது. எனக்கு வலது கண்ணில் நீர் வடிகிறது, பெரிதாக ஒன்றுமில்லை.

நீ சொன்னபடி பார்த்தோம். உஸ்தாத் துப்பாக்கியைத் தொடவே பயந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்ட நின்று வாசித்தார். தோட்டா கோதுமைமணி அளவு வெளியே நின்றது. உடம்பில் 41926. மரப்பெட்டியிலும் 41926. போல்டில் மட்டும் 83. அதன் வால்பக்கம் பூனை பிறாண்டியதுபோல மூன்று கீறல், பக்கம் பக்கமாக. சாயம் ஏற்றியதாகத் தெரியவில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹாதி வயலிலிருந்து வந்துவிட்டான். அவன் இல்லாத நேரம் பார்த்துத்தான் எடுத்தேன். "அப்பாவோடதா? ஏம்மா இத்தன நாளா சொல்லல?" என்று கேட்டவன், அங்கேயே இடுப்பில் கட்டிக்கொண்டான். விற்கக்கூடாதாம். கல்யாணத்தன்று இதைத்தான் கட்டுவானாம். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் அவன் ஆயுதத்தைத்தான் ஆட்கள் பார்ப்பார்கள். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்தாரையும் அழைக்க வேண்டியிருக்கிறது.

சீக்கிரம் விலை சொல், அண்ணா. சீக்கிரம் ஆளையும் அனுப்பு.

தகிய்யா

எழுதியவன் குறிப்பு: ஐயா, உங்கள் தங்கை உங்களை மிகவும் நம்பியிருக்கிறார். நல்ல விலையாகச் சொல்லுங்கள். பாபிக்கர்.


ஜித்தா
25 மார்ச் 1976

தங்கச்சிக்கு,

ஸலாம். நான் நலம். உன் கண்ணுக்கு ரோஜாப்பன்னீர் அனுப்புகிறேன்.

அந்தத் துப்பாக்கி இருநூறு ரியால் பெறும். அதற்குமேல் ஒரு காசும் பெறாது. போல்ட் மாறியதென்றால் சுடும்போது பின்னால் வெடித்துக் கண்ணைப் பறித்துவிடும். விற்கவும் வேண்டாம். யாரிடமும் காட்டவும் வேண்டாம். பழைய கிணற்றில் போட்டுவிடு. ஹாதியிடம் சொல், அதைக் கட்டக்கூடாது. நான் புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன், பெரியதாக.

கடிதம் கிடைத்ததும் போட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுது. ஒரு வரி போதும்.

ஹமூத்


பைத் அல்-ஹஸ்வா
20 ஏப்ரல் 1976

அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பன்னீர் வந்தது. கண் தேவலை. உன் கடிதத்தில் உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தைதான் இருந்தது, அதனால் உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன்.

நாலாயிரம் இருநூறானதற்கு நான் அழவில்லை. இருநூறுதான் என்றால் இருநூறுக்கே தருகிறேன், வாங்க ஓர் ஆளை அனுப்பு என்றுதான் கேட்கிறேன். நீ கிணற்றில் போடு என்கிறாய். எதைப் போடுவது? அது ஹாதியின் இடுப்பில் இருக்கிறது. குளிக்கும்போதுதான் கழற்றுகிறான், அப்போதும் கண் அதன்மேல்தான். உன் கடிதத்தை வாசிக்கக் கேட்டுச் சிரித்தான். "மாமாவுக்கு அது மேல ஆச வந்துடுச்சும்மா. விலைய அடிச்சுட்டு அவரே வாங்கிக்கப் பாக்கறாரு. ஜித்தாவுல போயி நல்லா யாவாரம் கத்துக்கிட்டாரு" என்றான். உஸ்தாதும் அப்படித்தான் நினைக்கிறார் போலிருக்கிறது, வாசிக்கும்போதே முகம் சுண்டிப்போனது. நான் அப்படி நினைக்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. கல்யாண வீட்டுக்காரிக்கு வரும் பயம் என்று வைத்துக்கொள்.

தகிய்யா

எழுதியவன் குறிப்பு: ஐயா, மன்னிக்கவும். ஒரு விதவையின் பொருளுக்கு இருநூறு சொல்வது நியாயமாகப் படவில்லை. ஆகவே அம்மாவிடம் சொல்லாமலே எண்களை ஒரு தாளில் எழுதிச் செவ்வாய்ச் சந்தைக்குக் கொண்டுபோனேன். மூவாயிரத்து எண்ணூறுவரை கேட்கிறார்கள்! பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்துக்காரர் காயித் என்பவர் மிகவும் ஆர்வம் காட்டினார். போல்ட் எண்ணை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். யாருடையது என்று கேட்டார். தெரிந்தவர் ஒருவருடையது என்று மட்டும் சொன்னேன்.


ஜித்தா
9 மே 1976
(இந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை)

தகிய்யா,

இதை உனக்கு உஸ்தாத்தான் வாசிப்பார். ஆகவே இதை அனுப்பப்போவதில்லை. ஆனாலும் எழுதாவிட்டால் எனக்கு மூச்சு நின்றுவிடும்.

அந்த 83-ஐ மாட்டியது நான். வால்பக்கம் உட்காராமல் அடம்பிடித்தது, என் அரத்தால் மூன்று இழுப்பு இழுத்துத்தான் உட்காரவைத்தேன். துப்பாக்கி அந்தப் பக்கத்துத் தைஃபல்லாவுடையது. கூலியோடு ஒரு துண்டு நிறைய உலர்திராட்சையும் தந்துவிட்டு, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார். சோறு இல்லாமல் இருப்பார், அந்தத் துப்பாக்கி இல்லாமல் வெளியே வரமாட்டார். ஒன்பது வருஷம் முன் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த புதன்கிழமை அவரைக் கிணற்றுப்பாதையில் யாரோ சுட்டுப்போட்டார்கள். உடம்பு கிடந்தது, இடுப்பில் துப்பாக்கி இல்லை. யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அது எங்கே இருக்கிறதோ அங்கே கொலைகாரன் இருக்கிறான் என்று அவர்கள் ஒன்பது வருஷமாகக் காத்திருக்கிறார்கள். காயித் அவருடைய தம்பி.

ஜுப்ரான் செய்தானா, செய்தவனிடம் வாங்கினானா, அல்லாஹ்தான் அறிவான். கேட்க அவன் இல்லை. அப்பன் இல்லையென்றால் மகன். நம் மலையில் அப்படித்தான் போகும். ஹாதி அதைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையாக அவர்கள் எதிரிலேயே உட்காருவான். உனக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாமல் நீ கல்யாணத்துக்கு மாவு இடிக்கிறாய்.

எல்லாம் என் வாயால் வந்தது. எண்ணைப் பார்த்து எழுது என்று கேட்காமல் இருந்திருந்தால் அந்த உஸ்தாத் கையில் எண் போயிருக்காது. எண் தெரியாமல் விலை சொல்லமாட்டேனாம். பெரிய நியாயஸ்தன்!

ஒரு வழி இருக்கிறது. துப்பாக்கி பழுதுக்கு வந்தது, என் கடையிலேயே இருந்தது, ஊரைவிட்டு வரும்போது தங்கை வீட்டில் போட்டுவிட்டு வந்தேன் என்று நான் சொல்லலாம். அப்படிச் சொன்னால் காயித் என் கண்ணைப் பார்த்துக் கேட்பான். அவன் நம்பாவிட்டால் அந்தக் குண்டு எனக்கு. அவன் ஊர்க்காரர்கள் நாலு பேர் நான் சாப்பிடும் ரொட்டிக்கடையிலேயே சாப்பிடுகிறார்கள். இன்று அவர்களைக் கண்டு பின்வாசல் வழியாக வந்தேன். நான் கோழை, தகிய்யா. நீ சின்னவள், ஆனாலும் பாம்பை நீதான் அடிப்பாய், நான் கூரைமேல் நிற்பேன்.


ஜித்தா
10 மே 1976

தங்கச்சிக்கு,

ஸலாம். இங்கே எல்லாம் நலம். லாரிக்காரர் கையில் ஆயிரத்தைந்நூறு சவூதி ரியால் அனுப்பியிருக்கிறேன். அந்தப் பொருளை நானே வாங்கிக்கொண்டேன் என்று வைத்துக்கொள். பணம் கிடைத்த அன்றே ஹாதியை அதே லாரியில் ஜித்தாவுக்கு ஏற்றிவிடு. இங்கே நல்ல வேலை இருக்கிறது. கல்யாணத்தைப் பெருநாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உஸ்தாத் அவர்களுக்கு: தயவுசெய்து இனிச் சந்தையில் கேட்காதீர்கள். உங்கள் காலில் விழுந்து சொல்கிறேன்.

இங்கே ஒருவன் செத்தவனின் கைக்கடிகாரத்தைத் தெரியாமல் வாங்கிக் கட்டினான். செத்தவனின் மகன் பஸ்ஸில் அதைப் பார்த்துவிட்டான். மிச்சத்தை நான் எழுதவில்லை. தகிய்யா, இதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேள்.

ஹமூத்


ஜித்தா
14 ஜூன் 1976

தங்கச்சிக்கு,

ஸலாம். ஐந்து வாரமாயிற்று. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. லாரிக்காரர் பணத்தை உன் கையில் கொடுத்ததாகச் சொல்கிறார். ஹாதி ஏன் வரவில்லை என்று கேட்டால், "பையன் வரமாட்டேன்னுட்டான். அம்மா வாசல்ல நின்னு பள்ளத்தாக்கப் பாத்துக்கிட்டே இருந்தாங்க" என்கிறார்.

ரொட்டிக்கடையில் அந்த நாலு பேரில் இரண்டு பேரைக் காணோம். ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்கிறார்கள். கல்யாணத்துக்கா என்று கேட்க வாய் வரவில்லை. நீயும் ஹாதியும் உயிரோடு இருக்கிறீர்களா, அதைமட்டும் எழுது.

ஹமூத்


பைத் அல்-ஹஸ்வா
25 ஜூன் 1976

என் அண்ணன் ஹமூதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இருக்கிறோம். ஹாதி நலம். கன்றுக்குக் கொம்பு முளைக்கிறது. எழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்காதே, உஸ்தாத் விடுமுறைக்குச் சூடானுக்குப் போய்விட்டார். இதை எழுதுவது நவால் என்ற பெண். பதினோரு வயது. தைஃபல்லாவின் கடைசி மகள். அப்பா இறந்தபோது அவளுக்கு இரண்டு வயது. அழகாக எழுதுகிறாள் இல்லையா?

அவள் வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் நான் சொல்கிறேன். அவள் அம்மா ஜலீலா எனக்குக் காப்பித்தோல் கிஷ்ர் போட்டுக் கொடுத்திருக்கிறாள், இஞ்சி கொஞ்சம் தூக்கல். நடந்ததைச் சொல்கிறேன், அப்படியே எழுதுகிறாள்.

இந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஹாதி ஜும்ஆவுக்குக் குளிக்கப் போனபோது அந்தத் துப்பாக்கியை எடுத்து மாவுக்கூடையில் வைத்துக்கொண்டு பள்ளத்தாக்கைத் தாண்டினேன். பெண்பிள்ளையை வழியில் யாரும் தொடமாட்டார்கள், அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் பாதி வழியில் கூடையை இறக்கிவைத்து அழுதேன். ஜலீலாவின் வாசலில் என் தலைமுந்தானையை எடுத்துக் கீழே போட்டேன். அப்படிப் போட்டவளைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அவளுக்கும் தெரியும். உள்ளே அழைத்தாள். மதியம் லுஹர் தொழுகையிலிருந்து மாலை அஸர்வரை நாங்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். பெண்கள் பேசிக்கொள்வது, கடிதத்தில் எழுத என்ன இருக்கிறது? அவளுக்கும் ஒரே மகன், ஸக்ர். என் ஹாதியைவிட ஒரு வயது சின்னவன்.

அஸர் தொழுகை முடிந்து காயித் வந்தார். கூடையைப் பார்த்தார். அவர் கை இடுப்புக்குப் போனதை நான் பார்த்தேன். ஜலீலா எழுந்து நின்று சொன்னாள்: "இது ஹமூத் கடைல பழுதுக்குக் கெடந்தது. அவரு கொடுத்துட்டு வந்தது எனக்குத் தெரியும். ஹமூத் ஊரவிட்டுப் போகும்போது தங்கச்சி வீட்ல போட்டுட்டுப் போயிட்டான். இப்பத்தான் இவ கண்டுபிடிச்சு எடுத்துட்டு வந்திருக்கா."

காயித், "அன்னைக்கு அண்ணன் இடுப்புல இது இருந்துச்சு" என்றார்.

"நீ பாத்தியா?" என்றாள் ஜலீலா. "நீ அன்னைக்கு ஸஅதாவுல இருந்த. அன்னைக்குக் காலைல அவருக்குப் பட்டை கட்டிவிட்டவ நான். அவரு இடுப்புல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?"

அவர் கூடையிலிருந்து அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அப்படியென்றால் அந்த ஹமூத் தன் வாயால் சொல்லட்டும், கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும், பிறகு கல்யாணத்துக்கு வந்து என் எதிரில் உட்காரட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

ஜலீலா என்னிடம், பழுதுபார்த்த கூலி எவ்வளவு என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? உன் அண்ணன் என்ன விலை சொன்னார் என்றாள். இருநூறு என்றேன். எழுந்துபோய் இருநூறு ரியால் கொண்டுவந்து என் கையில் வைத்து, விரல்களை மூடினாள். என் மணிக்கட்டை வெகுநேரம் விடவில்லை. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போது எல்லாம் உன் கையில் இருக்கிறது, அண்ணா. உன்னால் வர முடியாது என்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு, நான் கோபிக்கமாட்டேன். சின்ன வயதில் பாம்பைக் கண்டால் நீ எங்கே நிற்பாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஷஃபான் முதல் வியாழனுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

தகிய்யா


ஜித்தா
10 ஜூலை 1976

என் தங்கை தகிய்யாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நீங்கள் இருவரும் சுகம் என்ற வரியை எத்தனை முறை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. நவாலின் கையெழுத்து நன்றாக இருக்கிறது. அவளுக்கு ஒரு பேனா வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் முதல் கடிதத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். வாங்குகிறவன் கடல் தாண்டியவனாக இருந்தால் நல்லது என்று எழுதச் சொல்லியிருக்கிறாய். அன்று அது என் கண்ணில் படவில்லை. நான் எண்ணைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடையைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டேன். புதன்கிழமை லாரியில் புறப்படுகிறேன். அடுத்தவர் ஆயுதத்தை ஒன்பது வருஷம் வைத்திருந்து மறந்த தவறு என்னுடையது. வழக்கப்படி அவர்கள் வாசலில் ஒரு காளை அறுத்து மன்னிப்புக் கேட்பேன். இன்று ரொட்டிக்கடையில் மிச்சமிருந்த அந்த இரண்டு பேரின் மேசையிலேயே போய் உட்கார்ந்து, இன்ன நாள் ஊருக்கு வருகிறேன் என்று சொன்னேன். தேநீரைச் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டேன். கல்யாணத்தில் எனக்குக் காயித்துக்கு நேர் எதிரில் இடம் போடு. ஹாதி இடுப்பில் குத்துவாள் மட்டும் இருக்கட்டும்.

கீழே உள்ளதை நவாலிடம் கொடுத்து, காயித் முன்னால் சத்தமாக வாசிக்கச் சொல்.

அண்ணன் ஹமூத்

ரசீது

மவுசர் கைத்துப்பாக்கி ஒன்று, மரப்பெட்டியுடன். எண் 41926. உரிமையாளர் மர்ஹூம் தைஃபல்லா. போல்ட் மாற்றியது, புது எண் 83, அரத்தால் மூன்று இழுப்பு. 1967, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரம் என் சன்ஆக் கடையில் அவர் கையால் கொடுத்தார். கூலி ரியால் இருநூறு, அவர் மனைவியிடமிருந்து என் தங்கை மூலம் பெற்றுக்கொண்டேன். இதில் எழுதியது அனைத்துக்கும் என் கழுத்து பொறுப்பு. பெருநாள் கழிந்த வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை.

ஹமூத், துப்பாக்கி பழுதுபார்ப்பவன்